பெட்ராவுக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் நான். மகன் துபாயில் இருக்கிறான். டிசம்பரில் நானும் மனைவியும் அங்கே போகிறோம். "அங்கிருந்து ஒரு வாரம் வேறு ஏதாவது நாட்டுக்குக் கூட்டிப்போகிறேன், இடத்தை நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்கிறான். 'சாவதற்குள் பார்க்க வேண்டிய இடங்கள்' வகை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. மனைவிக்கு மலை, பாலைவனம் என்று இயற்கை வேண்டும். எனக்குப் பழைய கட்டுமானங்கள். ஜோர்டானில் மலைப்பாறையைச் செதுக்கி உண்டாக்கிய பழைய நகரமான பெட்ரா என்று சொன்னேன். "அந்த ஒரு முகப்பைத்தான் நூறு போட்டோவில் பார்த்தாச்சே, அதையே நேரில் பார்க்க இத்தனை செலவா?" என்கிறாள். நீங்கள் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். அவள் சொல்வது சரிதானா? இருவருக்குமே முழங்கால் வலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. அல் கஸ்னா என்ற அந்த முகப்புக்காக மட்டும் போவதென்றால் போகவே வேண்டாம். சுமார் 40 மீட்டர் உயரம், கிரேக்க பாணித் தூண்கள், உச்சியில் ஒரு கலசம். பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது ஒரு வெற்று அறை. சிற்பமோ ஓவியமோ கிடையாது. உள்ளே விடுவதும் இல்லை. அது கோயில் அல்ல, கல்லறை. 2024-ல் அதன் அடியில் தோண்டியபோது 12 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பார்வோனின் புதையல் கலசத்துக்குள் இருக்கிறது என்று நம்பிய பெதூயின்கள் (பாலைவன நாடோடி அரபிகள்) துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலசம் முழுக்கக் கல். குண்டு பட்ட தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

ஆனால் இயற்கையா கட்டுமானமா என்று உங்கள் வீட்டில் நடக்கும் பஞ்சாயத்துக்குப் பெட்ராவை விட நல்ல தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை. அங்கே இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. போட்டோவில் வராததும் அதுதான்.

ஊருக்குள் போக சிக் என்ற இடுக்கு வழியாகத்தான் நடக்க வேண்டும். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். பூமியின் அசைவில் மலை பிளந்து உண்டான வெடிப்பு அது. தண்ணீர் பிறகு வந்து ஓரங்களை வழவழப்பாக்கியிருக்கிறது. சில இடங்களில் இரண்டு பக்கமும் கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். தலைக்கு மேல் வானம் ஒரு கீற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, எப்போது அந்த முகப்பு தெரியும் என்று விறுவிறுவென்று நடப்பார்கள். நீங்கள் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். ஒரு பக்கம் பாறையில் வாய்க்கால் வெட்டியிருக்கும். மறுபக்கம் சுட்ட மண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, சாந்து பூசிப் பதித்திருப்பார்கள். உடைந்த குழாய்த் துண்டுகள் அங்கங்கே பாறையோடு ஒட்டியபடி மிச்சமிருக்கின்றன. குனிந்து பார்த்தால் சாந்தும் தெரியும். பெட்ராவை ஒட்டிய ஊரான வாடி மூசாவில் இருக்கும் ஐன் மூசா ஊற்றின் தண்ணீர் இந்த வழியாகத்தான் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் நகரத்துக்குள் போயிருக்கிறது. வாட்டம் கொஞ்சம் பிசகினாலும் வேலை கெட்டுவிடும். தெற்கு அரேபியாவிலிருந்து சாம்பிராணி ஏற்றிவந்த ஒட்டகங்களும் அவற்றை ஓட்டிவந்த ஆட்களும் பாலைவனத்தின் நடுவே வயிறாரக் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். பெட்ராவின் பணமெல்லாம் அந்த வியாபாரத்தில் வந்தது. அந்தப் பணம்தான் முகப்புகளாக நிற்கிறது.

பெட்ராவை உருவாக்கிய நபத்தேயர் என்ற அரபு மக்கள் தண்ணீரைக் கொண்டுவந்ததை விட, வரவிடாமல் தடுத்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அங்கே மழை குறைவு. ஆனால் பெய்கிற நாளில் மொட்டைப் பாறைகளில் விழுகிற தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் இந்த இடுக்கை நோக்கிப் பாயும். அதனால் சிக்கின் வாயிலில் அணை கட்டி, பக்கத்து மலையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். நகரம் கைவிடப்பட்டு அந்த ஏற்பாடு பாழான பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு 1963 சாட்சி. அந்த ஆண்டு சிக்குக்குள் புகுந்த வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஜோர்டான் அரசு செய்ததும் நபத்தேயர் செய்த அதே வேலைதான்: வாயிலில் ஓர் அணை, பழைய சுரங்கத்துக்கு மறுபடி உயிர். நுழையும்போது வலப்பக்கம் அந்தச் சுரங்கத்தின் வாய் தெரியும். முக்கால்வாசிப் பேர் கவனிக்காமல் கடந்துபோய்விடுவார்கள்.

பாதி வழியில் சுவரில் ஓர் ஒட்டக வரிசையைச் செதுக்கியிருக்கிறார்கள். மேற்பாதி தேய்ந்து போய்விட்டது. கீழே ஒட்டகத்தின் கால்களும், ஓட்டிச் செல்பவனின் பாதங்களும், ஆடை விளிம்பும் மட்டும் தெளிவாக இருக்கின்றன. வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்குள் பல நூற்றாண்டு புதைந்து கிடந்ததால் அவை பிழைத்தன. 1990-களில் மண்ணை அள்ளிய பிறகுதான் வெளியே வந்தன. சேதம் செய்த வெள்ளமே காப்பாற்றியும் இருக்கிறது.

உங்களுக்கென்று ஒன்று. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டுவிட்டார்கள். பெட்ராவிலும் அப்படி முடிக்காமல் விட்ட ஒரு கல்லறை உண்டு. தூண்களின் தலை மட்டும் உருவாகியிருக்கும், அதற்குக் கீழே வெறும் பாறை. சாரம் கட்ட வேண்டாம், நின்று வேலை செய்யப் பாறையே மேடை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு தேசத்துச் சிற்பிகளுக்கு ஒரே யோசனை. ஆனால் நம்மவர்கள் கல்லைச் சுற்றிலும் வெட்டி முழுக் கோயிலை வெளியே எடுத்தார்கள். அவர்கள் முகத்தை மட்டும் செதுக்கினார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பாண்டிய நாட்டுப் பக்கம் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.

1812-ல் பர்க்ஹார்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் முஸ்லிம் வேடத்தில், ஹாரூன் நபி சமாதியில் ஆடு பலியிடுவதாக வேண்டுதல் என்று சொல்லித்தான் உள்ளே போனார். வழிகாட்டிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று நின்று பார்க்கவும் முடியவில்லை, குறிப்பெடுக்கவும் முடியவில்லை. அந்தத் தொல்லை நமக்கு இல்லை. இருந்தும் பெரும்பாலோர் காலையில் வந்து, செல்ஃபி எடுத்து, மதியம் பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள். வாடி மூசாவிலேயே தங்கிவிடுங்கள்.

முழங்கால் விஷயம். சிக் வழி சரிவுதான், படி கிடையாது. ஆனால் போகும்போது இறக்கமென்றால் வரும்போது ஏற்றம். கஸ்னா வரைக்கும் பேட்டரி வண்டி ஓடுகிறது, திரும்புவதற்காவது அதில் ஏறிக்கொள்ளுங்கள். அத் தெய்ர் என்ற இன்னொரு பெரிய முகப்புக்கு 800-க்கும் மேல் படி. விட்டுவிடுங்கள், குறையொன்றும் இல்லை. கழுதையில் ஏறச் சொல்லி நச்சரிப்பார்கள். செங்குத்துப் படியில் அந்த ஜீவன் படுகிற பாட்டைப் பார்த்தால் ஏற மனம் வராது, இறங்கும்போது நமக்கும் ஆபத்து. கஸ்னாவில் வெயில் நன்றாக விழுவது காலை 9-லிருந்து 11 வரை.

பிறகு உங்கள் மனைவியின் பங்கு. பெட்ராவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வாடி ரம். சிவப்பு மணலும் செங்குத்து மணற்பாறைகளுமான பாலைவனம், ஜீப்பிலேயே சுற்றலாம் என்பதால் காலுக்கு வேலை இல்லை. அங்கே பாறைகளில் 25,000 சித்திரங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. 2011-ல் யுனெஸ்கோ அதை இயற்கை, பண்பாடு என்று இரண்டு கணக்கிலும் சேர்த்தே பட்டியலில் ஏற்றியது. ஆகவே அங்கேயும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் என்பதால் இரண்டு எச்சரிக்கை. பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து வேட்டி, பருத்திச் சட்டையோடு போய்விடாதீர்கள். இரவில் நடுக்கிவிடும், ஸ்வெட்டர் போதாது, ஜாக்கெட் வேண்டும். இரண்டாவது, வெள்ள எச்சரிக்கை வந்தால் பெட்ராவை மூடிவிடுவார்கள். 2018 நவம்பரில் ஆயிரக்கணக்கான பயணிகளை அவசரமாக வெளியேற்ற வேண்டிவந்தது. அதனால் அம்மானில் இறங்கியதும் முதலில் பெட்ராவுக்குப் போய், ஒரு நாளை உபரியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்பே ஜோர்டான் பாஸ் என்ற, பல இடங்களுக்கும் சேர்த்த நுழைவுச்சீட்டை வாங்கிவிடச் சொல்லுங்கள் மகனிடம். அதில் இரண்டு நாள் பெட்ரா உள்ள வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.