ஸ்பீக்கரை மாற்றும் முன் காதைக் காட்டுங்கள்

கேள்வி: இருபத்தைந்து வயதில் லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) அதிர அதிர பேஸ், அதாவது கீழ்ச்சுருதி ஓசை, கூட்டி வைத்துப் பாட்டுக் கேட்டவன் நான். இப்போது வயது 53. அதே சத்தம் எரிச்சலாக இருக்கிறது. பாடுகிறவரின் குரல் தெளிவாகக் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. ஐந்து வருடத்தில் மூன்று முறை ஸ்பீக்கர் மாற்றியும் எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கம் 22 வருடம் வேலை செய்தேன். இப்போது மகனும் அங்கேதான். "அப்பாவுக்குக் காது போய்விட்டது" என்கிறான். என் ரசனை முதிர்ந்துவிட்டது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
— வாசகர், ஹட்டன்

பதில்: ரசனை முதிர்ந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. முப்பது வருடம் கேட்ட காது தாளத்தைத் தாண்டி, பாடகர் எங்கே மூச்செடுக்கிறார், எந்தச் சொல்லில் குழைகிறார் என்று தேடத்தான் செய்யும். காம்பராவுக்கும் இதில் பங்கு உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) பக்கத்து பேஸ் ஓசை சுவருக்குச் சுவர் மோதிப் பெருகும். அன்று நீங்கள் ரசித்த அதிர்வில் பாதி அந்த அறை கொடுத்தது.

ஆனால் 22 வருடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

வயதானால் மேல்சுருதி ஓசைகள் முதலில் குறையும். இளம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 12,000க்கு மேல் சிரமம்தான். அது போனாலும் பாட்டு பெரிதாகக் கெட்டுப்போகாது. இயந்திர இரைச்சல் செய்கிற சேதம் வேறு: அது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் கேட்கும் திறனில் பள்ளம் பறிக்கிறது. ச, ட, த போன்ற எழுத்துகளின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதோடு, பலமான கீழ்ச்சுருதி ஓசை தனக்கு மேலே உள்ள மெல்லிய ஓசைகளை மூடிவிடும். நல்ல காதுக்கும் இது நடக்கும், பழுதான காதுக்கு அதிகமாக நடக்கும். பேஸ் எரிச்சலூட்டுவதும் குரல் தெளிவாக வேண்டும் என்று தோன்றுவதும் முதிர்ச்சியாக இருக்கலாம். சொற்கள் பிடிபடாமல் காது திணறுவதாகவும் இருக்கலாம். இரண்டும் உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுபோலவேதான் தெரியும்.

மூன்று முறை ஸ்பீக்கர் மாற்றியதற்கும் வருகிறேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் பலரை உட்கார வைத்து, எந்த ஸ்பீக்கர் என்று காட்டாமல் மதிப்பெண் போடச் சொன்னார். காது நன்றாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஸ்பீக்கரை விரும்பினார்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கோ, அதே ஸ்பீக்கருக்கு ஒருமுறை போட்ட மதிப்பெண் மறுமுறை நிலைக்கவில்லை. உங்கள் அலைச்சலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியும் நான்காவது ஸ்பீக்கருக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள்.

அரச வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரைப் பார்த்து, கேட்டல் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். பள்ளம் எங்கே, எவ்வளவு என்று வரைபடம் காட்டிவிடும். அப்புறம் இருக்கிற செட்டிலேயே பேஸைக் குறைத்து, குரல் பகுதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடுவதானால் இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்குங்கள். சத்தத்தின் அளவு ஒரு டெசிபல் கூடினாலே கூடினதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

உங்கள் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையிடத்துச் சத்தம் 85 டெசிபல் என்றால் அதில் நிற்க நாளுக்கு 8 மணி நேரம்தான் கணக்கு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85ஐத் தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று சொல்கிற பிள்ளை, ரோலர் பக்கம் நிற்கும்போது தன் காதில் அடைப்பான் வைக்கிறானா? இன்று இரவே கேளுங்கள். வைக்கவில்லை என்றால், அந்த நான்காவது ஸ்பீக்கருக்கு எடுத்து வைத்த காசில் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.