கேள்வி–பதில்: டயரின் சூடும் செப்பாங் வெயிலும்

கேள்வி: நான் 2ஏ மோட்டார்சைக்கிள் உரிமம் வைத்திருக்கிறேன், யமஹா ஆர்3 ஓட்டுகிறேன். அடுத்த மாதம் நண்பர்களுடன் முதன்முறையாக மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டேக்குப் போகிறேன். வண்டியை ஓட்டிக்கொண்டேதான் போய் வர வேண்டும். வழவழப்பான ஸ்லிக் டயரும், டயரைச் சுற்றிக் கட்டிச் சூடேற்றும் வார்மரும் இல்லாமல் பந்தயத் தடத்தில் இறங்குவது ஆபத்து என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? எந்த டயரை வாங்குவது?
— வாசகர், ஈசூன்

பதில்: வண்டியை ஓட்டிக்கொண்டேதான் போய் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. ஸ்லிக் டயரைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. துவாஸ் இரண்டாம் இணைப்பைத் தாண்டிச் செப்பாங் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வழியில் ஒரு மழை பிடித்தால், நீரை வெளியேற்றப் பள்ளமே இல்லாத டயரை நம்பி லாரிகளுக்கு நடுவே போக வேண்டியிருக்கும். ஆகவே ஸ்லிக்கை மறந்துவிடுங்கள். வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் காலம் வரும்போது அதைப் பற்றிப் பேசலாம்.

உங்களுக்குப் பொருந்துவது, சாலை அனுமதி உள்ள ஸ்போர்ட் வகை டயர். பிரெல்லி டியாப்லோ ரோஸோ 4, மிச்செலின் பவர் 6, பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்23 ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. இத்தகைய பின்சக்கர டயர்கள் பலவற்றில் நடுப்பகுதி ரப்பர் கடினமாகவும், சாயும்போது தரையைத் தொடும் ஓரப்பகுதி ரப்பர் மென்மையாகவும் இருக்கும். நெடுஞ்சாலையில் நேராக ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிடுவதைக் கடினமான நடு தாமதப்படுத்தும். வளைவில் பிடிமானத்தை மென்மையான ஓரம் தரும். உங்கள் வண்டியின் அளவு முன்னால் 110/70-17, பின்னால் 140/70-17. நிறுவனங்கள் எல்லா மாடல்களையும் இந்தச் சிறிய அளவுகளில் செய்வதில்லை. எனவே காக்கி புக்கிட் பக்கம் கடையேறும்போது பெயரை விட அளவை முதலில் கேளுங்கள்.

இனி வார்மர். டயர் சூடாவது தரையில் உரசுவதால் மட்டும் அன்று. சுமை ஏறி இறங்கும்போது டயரின் உடல் வளைந்து நிமிர்கிறது. அந்த வேலையில் ரப்பருக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது. பெரிய வண்டியின் எடையும் விசையும் டயரை நன்றாகப் பிசைந்துவிடும். உங்கள் 321 சிசி வண்டியால் அந்த அளவுக்குப் பிசைய முடியாது. அதிகச் சூட்டில்தான் பிடிக்கும் பந்தயக் கலவை டயரை அதில் மாட்டினால், வார்மர் ஏற்றிய சூடு சில சுற்றுகளில் வடிந்துபோய், நல்ல டயர் போட்டும் பிடிமானம் இல்லாமல் நிற்பீர்கள். சாலை டயரோ குறைந்த வெப்பத்திலேயே வேலை செய்யும்படி கலக்கப்பட்டது. அதிலும் செப்பாங் தார் நண்பகலில் 50 டிகிரி செல்சியஸையும் தாண்டிக் கொதிக்கும் இடம். குளிர்நாட்டு ஓட்டிகள் காலை எட்டு டிகிரிக் குளிரில் வார்மரைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, அதே பழக்கத்தை இந்த வெயிலுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. உங்கள் டயருக்கு வார்மர் தேவையில்லை. முதல் இரண்டு சுற்றுகளை நிதானமாக ஓட்டினால் போதும்.

நிதானம் என்றால் பாம்புபோல் நெளிந்து ஓட்டுவது அன்று. அப்படி நெளிவதால் டயர் அவ்வளவாகச் சூடாகாது. பின்னால் வருபவர்தான் குழம்புவார். வண்டி நிமிர்ந்திருக்கும்போது பிரேக்கைச் சற்று அழுத்தமாகப் பிடிப்பதும், வளைவை விட்டு வெளியேறி நிமிர்ந்தபின் முறுக்குவதும்தான் டயரின் உடலைச் சூடேற்றும். இன்னொன்று: செப்பாங்கின் 15 வளைவுகளில் 10 வலப்பக்கம், 5 மட்டுமே இடப்பக்கம். டயரின் வலது ஓரம் சூடாகியிருக்கும் வேளையில் இடது ஓரம் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மதிய உணவு முடிந்து, பந்தயக் கலவை டயருடன், இன்னொருவரின் வார்மரை இரவல் கேட்கக் கூச்சப்பட்டு, அப்படியே தடத்தில் இறங்கினேன். முதல் நான்கு வளைவுகள் சரியாகவே போயின. மூன்று வலப்பக்கம், ஒன்று மட்டும் மெதுவான இடப்பக்கம். ஐந்தாவது, வேகமான நீண்ட இடது வளைவு. சாய்ந்தேன், முன்சக்கரம் ஒரு சொல்லும் சொல்லாமல் மடங்கியது. சரளையில் உட்கார்ந்தபடி டயரைத் தொட்டுப் பார்த்தேன்: வலது ஓரத்தில் கை வைக்க முடியவில்லை, இடது ஓரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. குற்றம் முழுக்க என்னுடையது.

கேள்வி: 1000 சிசி வண்டி. சாலை அனுமதி உள்ள ஹைப்பர்ஸ்போர்ட் டயர்தான் போட்டிருக்கிறேன். கையேட்டில் சொன்னபடி முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு போனேன். நான்கு சுற்றுகளுக்குப் பிறகு பின்சக்கரம் வழுக்கத் தொடங்கிவிட்டது. டயர் போதவில்லையா, வார்மர் இருந்திருந்தால் சரியாகியிருக்குமா?
— வாசகர், சுவா சூ காங்

பதில்: இரண்டும் இல்லை, காற்று அதிகம். கையேட்டு அளவு, பின்னால் ஓர் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 30 டிகிரியில் 42 பிஎஸ்ஐ காட்டிய டயரின் உள்காற்று 70 டிகிரிக்கு ஏறினால், அளவுகோல் 49க்கு மேல் காட்டும். அவ்வளவு விறைத்த டயரின் தரைத்தொடுபரப்பு சுருங்கிவிடும். சிறிய பரப்பின் மேல் எல்லாச் சுமையும் விழ, மேல்தோல் மட்டும் அளவுக்கு மீறிக் காய்ந்து வழுக்கும். உங்களுடைய சிக்கல் சூடு போதாதது அன்று. வார்மர் கட்டியிருந்தால் இன்னும் சீக்கிரமே வழுக்கியிருக்கும்.

120/70, 190/55 அளவுள்ள ஹைப்பர்ஸ்போர்ட் டயரானால், குளிர்ந்த நிலையில் முன்னால் 31, பின்னால் 29 என்று தொடங்கிப் பாருங்கள். பின்சக்கர அளவு, டயர் சூடானபின் ஏறத்தாழ 35இல் வந்து நிற்கும். டயர் நிறுவனங்கள் பல தடத்துக்கென்று தனி அளவு வெளியிடுகின்றன. உங்கள் மாடலுக்கு அது கிடைத்தால் என் எண்ணை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தடத்தோரத்தில் வண்டியை நிறுத்தும் பிட்டுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அளந்துவிட வேண்டும்; ஐந்து நிமிடம் கழித்து அளந்த எண்ணால் பயனில்லை. வெயில் படும் பக்கமாக நிறுத்திய வண்டியின் காலை அளவும் பொய் சொல்லும் என்பதால், நிழலில் நிறுத்தி அளங்கள்.

மாலையில் புறப்படும் முன் பழைய அளவுக்குக் காற்றை ஏற்ற மறக்காதீர்கள். 29 பிஎஸ்ஐயில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓடும் டயர் விளிம்புவரை சூடாகி நொந்துபோகும். கைக்கடக்கமான மின்பம்பு ஒன்றையும் நம்பகமான அளவுகோல் ஒன்றையும் வாங்குங்கள். வார்மருக்கு ஒதுக்கி வைத்த வெள்ளியில் சிறு பங்குதான் செலவாகும்.

கேள்வி: என் மகன் வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு மாதம் ஒருமுறை செப்பாங் போகிறான். பந்தயக்காரர் ஒருவர் கழற்றிப்போட்ட ஸ்லிக் டயர்களை மலிவாகத் தருகிறாராம். அதோடு வார்மரும் வேண்டும் என்கிறான். இது தேவையா, ஆசையா?
— வாசகி, புக்கிட் பாஞ்சாங்

பதில்: அம்மா, வார்மர் தேவை, அந்த டயர்தான் சந்தேகம்.

பந்தயக் கலவை முழுச் சூட்டில்தான் பிடிக்கும். அதனால் வார்மரில் சுமார் 80 டிகிரியில் ஒரு மணி நேரமாவது வைப்பார்கள். மேல்தோல் சில நிமிடங்களில் சூடாகிவிடும். டயரின் உடலும் சக்கரத்தின் உலோகமும் சூடேறத்தான் அவ்வளவு நேரம். ஆனால் முதல் சுற்றின் பாதுகாப்பு மட்டுமே காரணம் அன்று. ஒருமுறை நன்றாகச் சூடாகிப் பிறகு முழுவதும் ஆறினால், அத்தகைய ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். பகல் முழுவதும் இருபது நிமிடம் ஓட்டுவதும் நாற்பது நிமிடம் நிறுத்துவதுமாகப் போகும் நாளில், வார்மர் இல்லாவிட்டால் டயர் ஐந்தாறு முறை சூடாகி ஆறும். ஓட்டங்களுக்கு இடையில் வார்மரைக் கட்டி வைத்தால் அந்த நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே சூட்டுக் கணக்கில் முடியும். மலேசியாவிலும் நம் ஊர் மூன்றுமுனை மின்செருகிதான் என்பதால் மாற்றி வாங்க வேண்டியதில்லை. ஆனால் தடத்தில் மின்சாரம் கிடைக்குமா என்பதையும், முன்பின் இரு சக்கரங்களையும் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு இருக்கிறதா என்பதையும் மகன் முதலில் சொல்லட்டும்.

கழற்றிப்போட்ட டயரில் ரப்பர் நிறைய மிச்சமிருப்பதுபோல் தெரியும். எத்தனை முறை சூடாகி ஆறியது என்பது கண்ணுக்குத் தெரியாது. மகனிடம் இரண்டு சோதனைகள் செய்யச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் அது செய்யப்பட்ட வாரத்தைக் காட்டும் நான்கு இலக்க எண்ணைப் பார்க்கட்டும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பிறகு கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் அழுத்திப் பார்க்கட்டும். தடம் பதிந்து மெல்ல மறைந்தால் உயிர் இருக்கிறது, பலகைபோல் நகத்தைத் திருப்பித் தள்ளினால் வேண்டாம். ஒருமுறை புதிய டயர் என்று விலை கொடுத்து வாங்கி வீட்டுக்கு வந்தபின் அந்த எண்ணைப் படித்தேன். அது ஐந்து ஆண்டுகளாகக் கடை அலமாரியில் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து பணம் கொடுக்கும் முன்பே குனிந்து படிக்கிறேன், கடைக்காரர்கள் சிரித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: மழை வந்தால்?
— வாசகர், ஜூரோங்

பதில்: செப்பாங்கில் பிற்பகல் இடிமழை வழக்கமான ஒன்று. அந்த நேரத்தில் பள்ளமுள்ள சாலை டயர்க்காரர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடலாம். ஸ்லிக் டயர்க்காரர் மழை டயர் கொண்டு வராவிட்டால் பிட்டிலேயே தேநீர் குடிக்க வேண்டியதுதான். தடம் காய்ந்துவிட்டதுபோல் தெரியும்போதும் நிழலான இடங்களிலும் வெள்ளைக் கோடுகளிலும் ஈரம் தங்கியிருக்கும். குளிர்ந்துபோன டயரோடு அங்கே சாயாதீர்கள்.