காபிக் கடையும் 46.8 பில்லியனும்

அன்புள்ள ஐயா,

லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். 2025 நவம்பர் பட்ஜெட் வந்ததிலிருந்து எங்கள் அலுவலகத்தில் இதே பேச்சுதான். பெரிய கம்பெனிகள் கட்டாமல் விட்ட வரி 46.8 பில்லியன் பவுண்டு என்கிறார்கள். நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் கூடுதலாகக் கேட்பதோ 26 பில்லியன். ஸ்டார்பக்ஸ், கூகுள், அமேசானிடம் ஒழுங்காக வசூலித்தால் சம்பளக்காரன் மேல் கை வைக்கவே வேண்டாமே? 2010இல் வோடஃபோன் கடை வாசலில் உட்கார்ந்து போராடியவர்கள் கேட்டதும் இதைத்தானே? இத்தனை வருடமாக ஏன் நடக்கவில்லை? சட்டத்தில் ஓட்டையா, அரசுக்கு மனமில்லையா?

இன்னொன்று. நான் ஐடி கான்ட்ராக்டர். புதிய ஏஜென்சி ஓர் அம்ப்ரெல்லா கம்பெனியை (கான்ட்ராக்டரைத் தன் ஊழியராக வைத்து, பில் தொகையை வாங்கிச் சம்பளமாகத் தரும் இடைக் கம்பெனி) கைகாட்டுகிறது. பில் தொகையில் 85 சதவீதம் கையில் வரும், வரித்துறையான எச்எம்ஆர்சியின் ஒப்புதல் உள்ள திட்டம் என்கிறார்கள். சேரலாமா?

ச., லெஸ்டர்

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: சேராதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

46.8 பில்லியன் என்பது வரித்துறையான எச்எம்ஆர்சியே ஆண்டுதோறும் வெளியிடும் ‘வரி இடைவெளி’. இது 2023-24க்கான தொகை, 2025 ஜூனில் வந்தது. சட்டப்படி வரவேண்டிய வரிக்கும் உண்மையில் வந்த வரிக்கும் உள்ள வித்தியாசம், மொத்தத்தில் 5.3 சதவீதம். உங்கள் அலுவலக நண்பர்கள் இதை முழுக்கப் பெரிய கம்பெனிகளின் தலையில் எழுதுகிறார்கள். உண்மையில் அதில் 60 சதவீதம் சிறுதொழில்களுடையது. காரணங்களில் முதலிடம் சூழ்ச்சிக்கு அல்ல, அசட்டைக்கு: கணக்கைச் சரியாக வைக்காதது, ரசீதைத் தொலைத்தது, வீட்டுச் செலவைக் கடைச் செலவில் சேர்த்தது. ‘தவிர்ப்பு’ (சட்டத்தின் எழுத்துக்குள் நின்று, அதன் நோக்கத்தை மீறி வரியைக் குறைப்பது) என்று வரித்துறை வகைப்படுத்துவது இந்தத் தொகையில் ஓரிரு விழுக்காட்டு அளவில்தான் நிற்கும்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் பதிவு செய்யவேண்டும். நிதியாண்டுக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, எந்த மாத இறுதியில் நின்று பார்த்தாலும் முந்தைய 12 மாத விற்பனைதான் கணக்கு. தாண்டிய கடைக்காரர் விலையை ஏற்றாவிட்டால் 90,000இல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 15,000, வாட்டாகப் போகும். சூடான உணவு விற்கும் டேக்அவேக்காரருக்குக் கொள்முதலில் திரும்பக் கிடைக்கும் வாட்டும் குறைவு, ஏனென்றால் அரிசி, காய்கறி, இறைச்சிக்கெல்லாம் வாட் பூஜ்யம். அதனால் எல்லைக்குக் கீழேயே கூட்டம் நிற்கிறது. வாரத்தில் ஒருநாள் கடையைக் கூடுதலாக மூடினால் அது சட்டப்படி சரி. ரொக்க விற்பனையை மெஷினில் அடிக்காமல் விட்டால் ஏய்ப்பு. கணவர் பெயரில் பகல் கடை, மனைவி பெயரில் இரவுக் கடை என்று ஒரே அடுப்பை இரண்டு தொழிலாகக் காட்டினால், இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி உத்தரவிட வரித்துறைக்கு அதிகாரம் உண்டு.

இதில் கவனிக்கவேண்டியது, 46.8 என்பது பாக்கிப் பட்டியல் அல்ல, மதிப்பீடு. சிறுதொழில்களின் வரிப்படிவங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, பிரித்து ஆராய்ந்து, அதில் கிடைத்த பிழையை நாடு முழுவதற்கும் பெருக்கிச் சொல்கிறார்கள். யாரிடம் எவ்வளவு என்று பெயர் போட்ட ஏடு எந்த மேசையிலும் இல்லை. திவாலானவர்கள் கட்டாமல் போனதும் இதற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கடவுள் வந்தாலும் வசூலிக்க முடியாது.

ஸ்டார்பக்ஸ் விஷயம் முற்றிலும் வேறு ஏட்டில் இருக்கிறது. பிரிட்டனுக்கு வந்த 14 ஆண்டுகளில் 3 பில்லியன் பவுண்டு விற்று, 8.6 மில்லியன்தான் கம்பெனி வரி கட்டியது என்பது 2012 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டு வந்த செய்தி. அடுத்த மாதம் மார்கரெட் ஹாட்ஜ் தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஸ்டார்பக்ஸ், கூகுள், அமேசான் மூவரையும் கூப்பிட்டு விசாரித்தது. ஸ்டார்பக்ஸ் வழி அப்போது துலக்கமாகத் தெரிந்தது. பெயரையும் கடை வடிவமைப்பையும் பயன்படுத்துவதற்காக விற்பனையில் 6 சதவீதம் நெதர்லாந்தில் உள்ள சகோதர கம்பெனிக்கு ராயல்டி. காப்பிக்கொட்டை சுவிட்சர்லாந்து கிளை வழியாக 20 சதவீதம் லாபம் ஏற்றி வரும். போதாததற்குக் குழுமத்துக்குள்ளேயே வாங்கிய கடனுக்கு வட்டி.

நூறு பவுண்டு விற்பனைக்குப் போட்டுப் பாருங்கள். ராயல்டியும் கொட்டை விலையேற்றமும் விசாரணையில் வந்தவை, மற்ற எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. சம்பளம், வாடகை, பால், மின்சாரம் 82. கொட்டை 5. மீதி லாபம் 13, இன்றைய 25 சதவீத விகிதத்தில் வரி 3.25. இப்போது கொட்டை 6 ஆகிறது, ராயல்டி 6, வட்டி 3 என்று வையுங்கள். லாபம் 3, வரி 75 பென்ஸ். ஒரு கப் காப்பிகூடக் குறைவாக விற்கவில்லை. லாபத்தில் 10 பவுண்டு கடல் கடந்துவிட்டது.

இதில் எவ்வளவு ‘வரி இடைவெளி’யில் சேரும்? ராயல்டியும் விலையும் சம்பந்தமில்லாத இருவர் பேசிக்கொள்ளும் விலைக்கு நிகரானவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டால், ஒரு பென்ஸ்கூடச் சேராது. சட்டப்படி அந்த 75 பென்ஸ்தான் வரவேண்டிய வரி, அது வந்துவிட்டது. வரித்துறை வாதாடி 6 சதவீதத்தை 4.7 ஆக ஏற்கவைத்தது, அதற்குமேல் அதனால் முடியவில்லை. ஐரோப்பிய ஆணையம் 2015இல், நெதர்லாந்து ஸ்டார்பக்ஸுக்குக் கொடுத்த வரிச் சலுகையைத் தவறென்று சொல்லி வசூலிக்க உத்தரவிட்டது. 2019இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மக்களின் கோபம் ஓர் ஏட்டில், அரசின் புள்ளிவிவரம் வேறோர் ஏட்டில். இரண்டையும் கூட்டிப் பட்ஜெட்டில் போட முடியாது என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலின் சாரம். (நெருக்கடி முற்றியதும் 2013, 2014இல் ஆண்டுக்கு 10 மில்லியன் கட்டுவதாக ஸ்டார்பக்ஸ் தானாக முன்வந்தது. வரி உண்டியல் காணிக்கையான கதை அது.)

வோடஃபோன் விவகாரம் மூன்றாவது வகை, சட்டம் என்ன சொல்கிறது என்பதிலேயே தகராறு. 2000இல் மன்னெஸ்மன் என்ற ஜெர்மன் கம்பெனியை லக்சம்பர்க் கிளை வழியாக வாங்கியதில் எழுந்த வழக்கை 2010இல் 1.25 பில்லியனுக்கு முடித்துக்கொண்டார்கள். 6 பில்லியன் வரவேண்டியிருந்தது என்றனர் போராடியவர்கள், வரித்துறை அதை அடியோடு மறுத்தது. அந்த அக்டோபரில்தான் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 81 பில்லியன் செலவுக் குறைப்பை அறிவித்திருந்தார். ஒரு வாரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் கடை வாசலில் கூட்டம். எண் தவறாக இருக்கலாம், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த புத்தி தவறல்ல. அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் 2012 விசாரணை அந்தச் சூட்டோடு நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அரசுக்கு மனமில்லையா என்கிறீர்கள். ஒரு கையால் அடைக்கிறது, மறுகையால் திறக்கிறது. 1936இல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் தோட்டக்காரருக்குக் கூலியை ஒப்பந்தப் பத்திரம் எழுதி ஆண்டுத்தொகை போலக் கொடுத்து வரியைக் குறைத்துக்கொண்டதை, அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சரி என்றது. 1981இல் ராம்ஸே வழக்கில் நீதிமன்றம் அந்தப் போக்கைத் திருப்பியது. 2013இல் முறைகேடான ஏற்பாடுகளுக்கு எதிரான பொதுவிதி வந்தது. திசைதிருப்பிய லாபத்துக்கு 2015இல் தனி வரி. குழும வட்டிக் கழிவுக்கு 2017இல் உச்சவரம்பு: பொதுவாக பிரிட்டன் லாபத்தில் 30 சதவீதம், 2 மில்லியன் வரை விலக்கு. 2020இல் டிஜிட்டல் சேவைக்கு விற்பனை மேல் 2 சதவீதம். அமேசான் உடனே தன் தளத்தில் விற்பவர்களிடம் வாங்கும் கட்டணத்தை 2 சதவீதம் ஏற்றிவிட்டது. சுமை யார் முதுகில் இறங்கியது பாருங்கள். 2023 முடிவிலிருந்து, 750 மில்லியன் யூரோவுக்கு மேல் வரவுள்ள குழுமங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி. 2025 ஜூனில் ஜி7 நாடுகள் கூடி, அமெரிக்கக் குழுமங்களுக்கு அதன் சில விதிகளிலிருந்து விலக்கு என்று சொல்லிவிட்டன.

மறுகையைப் பாருங்கள். 2010இல் 28 சதவீதமாக இருந்த கம்பெனி வரியை 2017இல் 19க்கு இறக்கியது, காப்புரிமை லாபத்துக்கு 10 சதவீதம் என்று 2013இல் சலுகைக் கதவு வைத்தது எல்லாம் ஓட்டை அல்ல, பட்ஜெட் உரையில் கைதட்டலோடு அறிவித்தவை. வரித்துறை ஆள்பலமும் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கப்பட்டது. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 2001இல் வரி அலுவலகக் கட்டடங்களையே மேப்லி என்ற குழுமத்துக்கு விற்று, 20 ஆண்டு வாடகைக்கு எடுத்தார்கள். வாங்கிய கம்பெனி வரிச் சொர்க்கம் எனப்படும் பெர்முடாவில் பதிவானது.

பட்ஜெட்டுக்கு வருவோம். தவிர்ப்பை ஒழித்து இவ்வளவு வரும் என்று எந்த நிதியமைச்சர் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது, அந்த வரவை நம்பி நிரந்தரச் செலவு ஏதும் அறிவித்தாரா என்பதைத்தான். 2011இல் சுவிட்சர்லாந்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே பணம் வைத்திருக்கும் பிரிட்டன்காரர்களின் கணக்கிலிருந்து வங்கியே வரி பிடித்து அனுப்பும். 2012 கணக்கில் ஆறு ஆண்டுகளுக்கு 5.3 பில்லியன் என்று எழுதினார்கள். வந்தது அதில் பாதிகூட இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தானதற்கும் அமலானதற்கும் இடையில் ஓராண்டுக்கு மேல் இருந்தது. பணம் நகர அது தாராளமாகப் போதும். 2024 அக்டோபரில் ரீவ்ஸ் 5,000 புதிய வரி அலுவலர்கள், கூடவே சில சட்டத் திருத்தங்கள் என்று 2029-30இல் ஆண்டுக்கு 6.5 பில்லியன் எதிர்பார்த்தார். ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு வழக்கைத் தனியாகக் கையாள விடுவதற்குள் ஆண்டுகள் போய்விடும். முழுத்தொகையும் வந்தால்கூட அதே பட்ஜெட்டின் 40 பில்லியன் வரி உயர்வில் ஆறில் ஒரு பங்குதான்.

சம்பளக்காரன் மேல் கை வைப்பது ஏன் எளிது என்பதும் இதிலேயே இருக்கிறது. 12,570 என்ற வரியில்லா வரம்பு 2021 ஏப்ரலிலிருந்து அசையவில்லை, 50,270 என்ற 40 சதவீத வரம்பும் அப்படியே. 2025 நவம்பரில் இதை இன்னும் மூன்றாண்டு, 2031 வரை, நீட்டினார்கள். இந்த ஒரே நீட்டிப்பில் 2029-30இல் சுமார் 8 பில்லியன். ஆள் எடுக்க வேண்டாம், வழக்கு வேண்டாம், லக்சம்பர்க் வேண்டாம். உங்கள் சம்பளம் விலைவாசியோடு ஏற ஏற அதுவாகவே பிடிபடும். விகிதத்தை உயர்த்தவில்லை என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் என் பெரிய புகார், ஸ்டார்பக்ஸ் அல்ல.

இனி அம்ப்ரெல்லா. ஆண்டுக்கு 60,000 பவுண்டு பில் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான கம்பெனி தன் கட்டணமாக 1,200 எடுத்துக்கொண்டால், மிச்சத்திலிருந்து சம்பளத்தில் 5,000க்கு மேற்பட்டதற்கு முதலாளி கட்டவேண்டிய 15 சதவீதத் தேசியக் காப்பீடு (சம்பளத்தின் மேல் பிடிக்கும் சமூகக் காப்பீட்டுக் கட்டணம்), 0.5 சதவீதப் பயிற்சி வரி போக, உங்கள் மொத்தச் சம்பளம் சுமார் 51,560. வருமான வரி 8,055. உங்கள் பங்குத் தேசியக் காப்பீடு 3,040. கையில் 40,460 சொச்சம், அதாவது பில்லில் 67 சதவீதம். ஓய்வூதியப் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். 85 சதவீதம், 51,000, நேர்வழியில் வரவே வராது.

எப்படிக் கொடுப்பார்கள்? சம்பளச் சீட்டில் குறைந்தபட்சக் கூலி, ஆண்டுக்கு 24,000 அளவில். வரி போகக் கையில் 20,800. மீதி 30,200 தனியாக ‘கடன்’, ‘முன்பணம்’, ‘ஆண்டுத்தொகை’ என்ற பெயரில், பெரும்பாலும் வேறொரு கணக்கிலிருந்து வரும். திட்டக்காரருக்கு எல்லாம் போக 2,800 பவுண்டு மிஞ்சும். திருப்பிக் கேட்காத கடன் என்பார்கள். 2017இல் ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படி மடைமாற்றிய பணமும் சம்பளமே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2019 ஏப்ரலில் ‘கடன் வரி’ வந்தபோது, பல ஆண்டுக் கடன்களை ஒரே ஆண்டு வருமானமாகக் கூட்டி வரி கேட்டார்கள். நர்சுகள், சமூகப் பணியாளர்கள், உங்களைப் போன்ற ஐடிக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். திட்டம் விற்றவர்களில் பலர் கம்பெனியை மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

எச்எம்ஆர்சி எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதில்லை. அவர்கள் ஓர் எட்டு இலக்க எண்ணைக் காட்டினால், அது தவிர்ப்புத் திட்டம் என்று வரித்துறையிடம் அறிவித்ததற்கான பதிவெண். சான்றிதழ் என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் மாதிரிச் சம்பளச் சீட்டு கேளுங்கள்; கையில் வரும் மொத்தமும் அந்த ஒரே சீட்டில் இருக்கவேண்டும். வரித்துறை வெளியிட்டிருக்கும் தவிர்ப்புத் திட்டப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள், ஆனால் பட்டியலில் இல்லை என்பது பாதுகாப்பு அல்ல, பெயர் மாற்றுவது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. எந்த அம்ப்ரெல்லாவில் சேர்ந்தாலும் முதல் மாதமே எச்எம்ஆர்சி செயலியில் உங்கள் கணக்கைத் திறந்து, அங்கே பதிவான சம்பளமும் வங்கிக்கு வந்ததும் ஒத்துப்போகிறதா பாருங்கள். 2026 ஏப்ரல் 6 முதல் அம்ப்ரெல்லா கட்டாத சம்பள வரிக்கு ஏஜென்சியும் பொறுப்பு. அதனால் உங்கள் ஏஜென்சியிடம், இந்தப் பரிந்துரையை எழுத்தில் தாருங்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.