விலக வேண்டாம், மியூட் போதும்

பிடித்த தொடர் சலிக்கிறது, அதன் டிஸ்கார்ட் (அரட்டைச் செயலி) ரசிகர் குழுவில் எதுவும் எழுதவும் தோன்றவில்லை, விலகிவிடலாமா என்று கேட்கிறீர்கள். குழுவில் வாய் திறக்காததற்காக விலக வேண்டியதில்லை. படித்துவிட்டுப் போகிறவரும் ரசிகர்தான். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதிய 90-9-1 கணக்குப்படி, இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எதுவுமே எழுதுவதில்லை, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவர்தான் அதிகம் எழுதுகிறார். (தோராயக் கணக்குதான்.)

எபிசோட் ஓடும்போதே "என்ன கமெண்ட் போடலாம்" என்று மனசு அலைபாய்கிறது என்கிறீர்கள். உங்களுக்குச் சலித்தது தொடர் அல்ல, உடனே எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி என்று படுகிறது.

அடுத்த எபிசோடுக்கு டிஸ்கார்டில் அந்தக் குழுவின் சர்வரை மியூட் செய்யுங்கள். குழுவில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் 'எவ்ரிஒன்' அழைப்புகளைத் தனியாக நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அவை வந்து கவனத்தைக் கலைக்கலாம். முழுசாகப் பாருங்கள், மறுநாள் குழுவைத் திறங்கள். தொடர் பழையபடி பிடித்தால் காரணம் தெரிந்துவிட்டது.

ஒன்று: அங்கே நெருங்கிப் பழகுகிறவர்கள் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லிவிடுங்கள். திடீரென்று காணாமல் போனால் கோபமோ என்று நினைப்பார்கள்.