பி.டி. டீச்சர் பதில்கள்: கோலில் நிற்கும் மகள்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி கால்பந்து அணியில் கோல்கீப்பர். பிறவியிலேயே மாறுகண். சின்ன வயதில் ஆபரேஷன் செய்தும் முழுதாகச் சரியாகவில்லை. “பந்து எவ்வளவு தூரத்தில் வருதுன்னே தெரியாத பிள்ளையை கோல்ல நிக்க வைக்கலாமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் தினமும் சத்தம் போடுகிறார்கள். விளையாட்டை விடச் சொல்லிவிடட்டுமா, டீச்சர்?
- ஒரு தாய், தேனி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. ஹன்னா ஹாம்ப்டனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து மகளிர் அணியின் கோல்கீப்பர், 2000-ல் பிறந்தவர். அவருக்கும் பிறவியிலேயே மாறுகண்தான். மூன்று வயதுக்குள் பல ஆபரேஷன்கள் செய்தும் தூரத்தைக் கணிக்கும் பார்வை சரியாக அமையவில்லை. இந்தக் கண்ணோடு கால்பந்து ஆட முடியாது என்று மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் நீட்டும் டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் வெளியே ஊற்றிவிடுவேன் என்று அவரே பேட்டியில் சொன்னார். பந்தைப் பிடிக்கப் பழகிய நாட்களில் விரல்கள் உடைந்திருக்கின்றன, மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. கையை எங்கே வைத்தால் பந்து உள்ளங்கையில் உட்காரும் என்பதை ஆடி ஆடித்தான் கண்டுபிடித்தார்.

இது எப்படி முடிகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தூரம் தெரிய இரண்டு கண்களும் சேர்ந்து பார்ப்பது பெரிய உதவிதான். ஆனால் அது ஒன்றே வழி அல்ல. நெருங்க நெருங்க பந்து பெரிதாகத் தெரியும். உதைப்பவளின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, ஊன்றிய கால் எங்கே இருக்கிறது, இவையெல்லாம் பந்து கிளம்பும் முன்பே சேதி சொல்லிவிடும். பலமாக அடித்த பெனால்டி அரை விநாடிக்குள் கோலுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்து தூரத்தை அளப்பதில்லை. முன்பே படித்து வைத்ததை வைத்துத்தான் பாய்கிறார்கள்.

ஹாம்ப்டன் முதலில் முன்வரிசையில் ஆடியவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஸ்பெயினில் வளர்ந்து, அங்குள்ள வில்லாரியல் கிளப்பின் அகாடமியில் ஆடினார். அப்புறம் இங்கிலாந்து திரும்பி ஸ்டோக் சிட்டி அகாடமி. பதின்ம வயதிலேயே பர்மிங்காம் சிட்டி அணிக்கு ஆடி, ஆஸ்டன் வில்லா வழியாக 2023-ல் செல்சி கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் மகள் இதைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த காலத்தைத்தான். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையை 2022-ல் இங்கிலாந்து வென்றபோது அணியில் இருந்தார், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 2023 உலகக் கோப்பையிலும் அப்படியே. மேரி ஏர்ப்ஸ் என்ற அபாரமான கோல்கீப்பர் முன்னால் இருந்தார். மற்ற இடங்களில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றுவார்கள். கோல்கீப்பரை, அடிபட்டாலோ சிவப்பு அட்டை வாங்கினாலோ ஒழிய பொதுவாக மாற்ற மாட்டார்கள். நல்ல பிள்ளைகள் மனம் வெறுத்து கிளவுஸைக் கழற்றுவது இந்தக் காத்திருப்பில்தான். கண்ணைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இதைப் பற்றியும் அவளிடம் பேசுங்கள்.

2025 மே மாதம் ஏர்ப்ஸ் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஜூலையில் சுவிட்சர்லாந்தில் நடந்த யூரோவில் ஹாம்ப்டன் முதல் கோல்கீப்பர். காலிறுதியில் ஸ்வீடனோடு மோதல், மூக்கில் அடிபட்டு ரத்தம். ஒரு துவாரத்தில் டிஷ்யூவைச் செருகிக்கொண்டு நின்று, சமநிலையை முறிக்க மாறி மாறி அடிக்கும் பெனால்டி ஷூட் அவுட்டில் இரண்டைத் தடுத்தார். பாசலில் நடந்த இறுதிப் போட்டியில் எதிரணி உலக சாம்பியன் ஸ்பெயின். 1-1 சமநிலை, மறுபடியும் பெனால்டி. மரியோனா கால்டென்டே அடித்ததைத் தடுத்தார், உலகின் சிறந்த வீராங்கனை ஐதானா பொன்மதி அடித்ததையும் தடுத்தார். கோப்பை இங்கிலாந்துக்கு. அதே ஆண்டு செப்டம்பரில், உலகின் சிறந்த கோல்கீப்பருக்கான யாஷின் விருதை மகளிருக்கென முதல்முறையாகக் கொடுத்தபோது, அதுவும் அவருக்கே. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து அந்த ஷூட் அவுட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

இதனால் டாக்டரை மறந்துவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கண்ணும் வேறு. கண் மருத்துவரிடம் “இவள் கோல்கீப்பர்” என்று தெளிவாகச் சொல்லி, இரு கண் பார்வையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி தேவைப்பட்டால் உடையாத விளையாட்டுக் கண்ணாடி கேளுங்கள், விதி அதை அனுமதிக்கிறது. பயிற்சியாளரிடமும் மறைக்காதீர்கள். ஓரத்திலிருந்து உயரமாகத் தூக்கிப் போடும் பந்துதான் அவளுக்குக் கடினமாக இருக்கும். அதைக் கூட்டமில்லாமல், மெதுவாக, தனியாகப் பழக்க வேண்டும்.

கேள்வி: நம் நாட்டில் பெண் கோல்கீப்பருக்கு எதிர்காலம் உண்டா? படிப்பை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: எதிர்காலம் உண்டு. படிப்பை மட்டும் விடாதே தங்கச்சி. இந்திய அணியின் கோல்கீப்பராக இருந்த அதிதி சௌஹானைப் பார். சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குப் போனார், அங்கிருந்தபடியே 2015-ல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணிக்கு கோல்கீப்பர் ஆனார். படிக்கப் போன இடம்தான் அவருக்கு அந்தக் கதவைத் திறந்தது. 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் தாய்லாந்தை 2-1 என வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது கோலில் நின்றவர் மணிப்பூரின் பாந்தோய் சானு. உன் ஊரிலேயே சேது எஃப்.சி. இருக்கிறது, 2019-ல் இந்திய மகளிர் லீகை வென்ற அணி. செலக்‌ஷன் எப்போது என்று விசாரித்துக்கொண்டே இரு.

கேள்வி: கோல்கீப்பர் பந்தைக் கையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?
- ஏழாம் வகுப்பு மாணவி, திருவாரூர்

பதில்: எட்டு விநாடி. 2025-ல் வந்த புதிய விதி இது. கடைசி ஐந்து விநாடியை நடுவர் விரல்காட்டி எண்ணுவார். தாண்டினால் எதிரணிக்கு கார்னர் கிக்.

கேள்வி: புது கிளவுஸ் ஒரு மாதத்திலேயே உரிந்துவிடுகிறது டீச்சர். என்ன செய்வது?
- பள்ளி கோல்கீப்பர், விருதுநகர்

பதில்: நம் மைதானங்கள் சரளை, உள்ளங்கையில் இருப்பது மெல்லிய லேடெக்ஸ். அப்படித்தான் உரியும். பயிற்சிக்குப் பழையது, மேட்சுக்குப் புதியது என்று பிரித்து வை. விழுந்து எழும்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றாமல் முஷ்டியை ஊன்று. ஆடும் முன் லேசாக ஈரப்படுத்து, ஆடிய பின் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசு. வெயிலில் மட்டும் காயப் போடாதே.