ஹார்மனி போன்: நாலா, ஐந்தா?

வணக்கம் ஐயா,
உப்புவெளியில் ஆறு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். சீனாவில் வேலை செய்யும் மச்சான், வரும்போது ஹுவாவி போன் ஒன்று வாங்கி வருகிறாராம். அதில் ஓடும் ஹுவாவியின் சொந்த இயங்குதளமான ஹார்மனி ஓஎஸ், அங்கே ஐபோனையே முந்திவிட்டது என்கிறார். எனக்கு புக்கிங் எல்லாம் வட்ஸ்அப்பில்தான். நம்பி வாங்கலாமா?
வாசகர், திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

மச்சான் சொன்னது பொய்யில்லை. 2024 முதல் காலாண்டில் சீனச் சந்தையில் ஹார்மனிக்கு 17 வீதம், ஐபோனின் ஐஓஎஸுக்கு 16 என்று கவுன்டர்பொயின்ட் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. ஆனால் முந்தியது பழைய ஹார்மனி. வேர்ஷன் 4 வரைக்கும் உள்ளே அன்ட்ரொய்டின் திறந்த நிரல் இருந்தது, ஏபிகே எனும் அன்ட்ரொய்ட் அப் கோப்பை நேரே ஏற்றலாம். 2024 ஒக்டோபரில் வெளிவந்த 5 அதை முழுதாகக் கழற்றிவிட்டது. ஏபிகே ஏறாது.

ஆகவே மச்சான் கடையில் நிற்கும்போதே வீடியோ கோல் எடுங்கள். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' திறந்து ஹார்மனி வேர்ஷனைக் காட்டச் சொல்லுங்கள். 4.2 போல 4இல் தொடங்கினால் மேலே பேசலாம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் உங்கள் தொழிலுக்கு வேண்டாம். அன்ட்ரொய்ட் அப்களைத் தனிக் கூட்டுக்குள் ஓட்டும் வழி அதிலும் உண்டு, ஆனால் கூடு பின்னணியில் நின்றுபோனால் மெசேஜ் சத்தம் கேட்காது. இரவு பத்துக்குக் கேட்டவருக்கு விடிந்து பதில் போட்டால், அவர் நிலாவெளியில் அறை எடுத்திருப்பார்.

4 வாங்கினாலும் ஒரு வேலை இருக்கிறது. வட்ஸ்அப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குள் 'அப் லோஞ்ச்' போய், வட்ஸ்அப்புக்கு எதிரே உள்ள தானியங்கி சுவிட்சை அணையுங்கள். மூன்று சுவிட்ச் உள்ள சின்னப் பெட்டி வரும், மூன்றையும் போடுங்கள். கடைசி சுவிட்ச்தான் பின்னணியில் ஓடவிடுவது. "மெசேஜ் பிந்தி வருது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் போனில் கூகிள் சேவைகள் இல்லாததால், வட்ஸ்அப்பின் கூகிள் ட்ரைவ் பேக்கப்பை மறந்துவிடுங்கள். போனுக்குள் அன்ட்ரொய்ட், அதற்குள் மீடியா, அதற்குள் வட்ஸ்அப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். வாரம் ஒருமுறை அதை அப்படியே கணினிக்குக் கொப்பி பண்ணுங்கள். வங்கி அப்பும் சிக்கல் தரலாம்: கூகிளின் சான்று இல்லாத போனில் சில அப்கள் திறக்க மறுக்கும். பழைய போனை உடனே விற்காதீர்கள்.

காசு கொடுக்கும் முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, மச்சான் அனுப்பட்டும். இங்கிருந்து நீங்கள் ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்கள். சீனக் கடையில் இருக்கும் போன் இங்கே பதிவில் இல்லாமல் இருக்கலாம்; அப்படிப் பதில் வந்தால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் போனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்கச் சொல்லுங்கள்.