கட்டணம் இல்லாதபோதும் வராத பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நாங்கள் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் சிறுவர் சிறுமியருக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறோம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெற்றோர் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் பலர் மூன்று நான்கு வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்கிறார் எங்களுள் ஒருவர். என் மனம் அதை ஏற்கவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ம.

அன்புள்ள ம.,

தாங்கள் அதை ஏற்காதது சரியே. கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் விளையாட்டு இலவசமாகிவிடுவதில்லை. காலணி வாங்க வேண்டும், மைதானத்துக்குப் போய்வரப் பேருந்துக்குக் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட, பிள்ளையை அழைத்துவந்து இரண்டு மணி நேரம் காத்திருக்க ஒரு பெரியவர் வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம் வருமானத்தில் ஒரு பகுதி.

என் பதினோராவது வயதில், உறவினர் ஒருவரின் பழைய காலணியின் முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு நான் ஓடினேன். ஓட ஓட அந்தப் பஞ்சு வியர்வையில் நனைந்து, கட்டியாகி, விரல்களுக்கு அடியில் வந்து உறுத்தும். ஓரமாக உட்கார்ந்து அதைச் சரிசெய்தால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதற்காக வலியோடு ஓடிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும், "உனக்குத்தான் கட்டணமே கிடையாதே, நல்ல காலணியாவது வாங்கக் கூடாதா?" என்று கேட்டார். மறுநாள் நான் போகவில்லை. வீட்டில் கேட்டபோது, விளையாட்டு அலுத்துவிட்டது என்று சொன்னேன். பல பிள்ளைகள் சொல்லும் 'ஆர்வமில்லை' என்ற பதிலுக்குள் இப்படி ஏதோ ஒன்று இருக்கக்கூடும் என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

ஆகவே, முதலில் அந்த விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கள். தன் வறுமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பெற்றோருக்கும், அது தெரிந்த பிள்ளைக்கும், மைதானத்தில் மற்றவர்களோடு சமமாக நிற்பது கடினம். பயிற்சி எல்லாருக்கும் இலவசம் என்று வைத்து, இயன்றவர்கள் இயன்றதைத் தரட்டும். காலணிக்கு ஒரு பொதுப் பெட்டி வையுங்கள். வளரும் கால், காலணி தேய்வதற்கு முன்பே அதற்குள் அடங்காமல் போய்விடுகிறது. வசதியான வீடுகளில் அவை சும்மா கிடக்கின்றன. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து எல்லாப் பிள்ளைகளும், உங்கள் பிள்ளைகள் உட்பட, எடுத்து அணிய வேண்டும். சிலர் மட்டும் எடுத்தால் அதுவும் அந்த விண்ணப்பம் போலத்தான் ஆகும்.

சீருடை, வெளியூர்ப் போட்டி ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம். நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு சிறுவர் விளையாட்டுக்கென்று 1987இலேயே விதிகளை வகுத்தது. இன்றைய விதிப்படி, 13 வயதை எட்டும் ஆண்டுக்கு முன் எந்தப் பிள்ளையும் தேசிய சாம்பியன்ஷிப் போட்டியில் பங்கேற்க முடியாது. சிறு வயதிலேயே கோப்பைக்கு ஓடத் தொடங்கினால் பயணமும் தனிப்பயிற்சியும் கூடவே வரும். செலவு செய்ய முடியாத குடும்பம் அங்கேயே பின்தங்கிவிடும்.

இன்னொன்று தொலைவு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடல் நன்கு உழைக்கும்படி இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வார இறுதிப் பயிற்சி எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் அந்தத் தேவையை நிறைவு செய்யாது. குழந்தை தனியாக நடந்துபோகும் தூரத்தில் விளையாட இடம் வேண்டும். போருக்குப் பின், 1947 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக், வீடுகளுக்கிடையே காலியாகக் கிடந்த மனைகளிலும் சதுக்கங்களிலும் மணல்தொட்டி, குட்டிக்கரணம் போட இரும்புக் கம்பி, தாவிச்செல்லக் கற்கள் என்று எளிய பொருள்களைக் கொண்டு விளையாட்டிடங்களை அமைத்தார். சுமார் முப்பது ஆண்டுகளில் அவை எழுநூறுக்கும் மேல் ஆயின. வாயிலில் கட்டணம் இல்லை, அழைத்துவரப் பெரியவர் தேவையில்லை. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்வதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே ஒரு நகரம் அதைச் செய்யத் தொடங்கியிருந்தது. உங்கள் பயிற்சியில் ஒரு நாளையாவது, நின்றுபோன பிள்ளைகளின் தெருவுக்கு அருகில் உள்ள ஏதேனும் ஒரு வெற்றிடத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அதற்கு முன் அவர்கள் வீடுகளுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு நான் சொன்னது போன்ற பதிலே கிடைக்கும். எந்தக் கிழமை, எந்த நேரம் வசதி, காலணி என்ன அளவு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.